கடைத்தெருவில் கற்ற மொழி

கொழும்பு நகரின் வடபால், துறைமுகத்தை அடுத்து அமைந்திருப்பது கொட்டாஞ்சேனை. காலை வேளையில் அங்கே நடந்து செல்வோர் பொன்னம்பலவாணேசுவரர் ஆலயத்தின் மணியோசையையும் புனித லூசியாள் பேராலயத்தின் மணியோசையையும் ஒரே காற்றிற் கேட்பர். புறக்கோட்டைப் பக்கமாகச் சிறிது தூரம் சென்றால், மேட்டின்மீது பழைய தேவாலயம் ஒன்று தோன்றும். ஒல்லாந்தர் 1749ஆம் ஆண்டிற் கட்டத் தொடங்கி, 1757ஆம் ஆண்டில் வழிபாட்டுக்குத் திறந்து வைத்த வுல்பெண்டால் தேவாலயம் அது.

வுல்பெண்டால் என்னும் பெயருக்கு ஒல்லாந்த மொழியில் 'ஓநாய்ப் பள்ளத்தாக்கு' என்பது பொருள். இலங்கையில் ஓநாய் இல்லை. அக்காலத்தில் அந்தப் பள்ளத்தில் இரவு தோறும் ஊளையிட்டவை நரிகளே. வந்தேறிய ஒல்லாந்தர் நரியின் குரலை ஓநாயின் குரலென்று மயங்கினர். மயங்கிய பெயரே நிலைத்துவிட்டது. அயலூரின் ஒலியைக் கேட்டும் அதன் பொருளைக் கேட்டறியாதவர்க்கு நேரும் பிழைக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

அந்த மேட்டிலிருந்து இறங்கினால் புறக்கோட்டைக் கடைத்தெருக்கள். தமிழும் சிங்களமும் அங்கே அருகருகே ஒலிக்கின்றன. அவற்றோடு மலாயரின் மொழியும், போராக்களின் குசராத்தியும், கத்தியவாரிலிருந்து வந்த மேமன் வணிகரின் மேமனியும், சிந்து நாட்டு வணிகரின் சிந்தியும் அந்த வட்டாரத்தின் காதுக்குப் பழக்கமானவை. மேமனர் தம் முன்னோர் சிந்து நாட்டினர் என்பர். அவர் பேசும் மேமனி சிந்தியின் நெருங்கிய உறவுமொழி. ஆதலின் சிந்தி கொழும்புக்கு முற்றும் அந்நியமான மொழியன்று. கடையின் பின்னறையிலும் கணக்கு மேசையிலும் பல தலைமுறையாக அது வழங்கி வந்திருக்கிறது.

இம்மொழியைப் பிறர் எவ்வாறு கற்றனர்? எத்துணைக் காலத்திற் கற்றனர்? எதற்காகக் கற்றனர்? இன்று சில பல்கலைக்கழகங்களில் கோடை விடுமுறையின் எட்டு வாரத்துள் ஓராண்டுப் பாடத்தைப் புகட்டும் செறிவகுப்புகளைக் கண்டு பலர் வியக்கின்றனர். அவ்வகுப்புகளிற் சிந்தியும் ஒரு பாடமாக இருந்து வந்திருக்கிறது. ஆனால் குறுகிய காலத்தில் மொழி கற்பது புதிதாகத் தோன்றிய வித்தையன்று. கொழும்பு நகரின் வரலாறே அதற்குச் சான்று.

முதலில் நெடுங்காலம் கற்ற கல்வியை நோக்குவோம். ஒல்லாந்தர் 1656ஆம் ஆண்டிற் போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைக் கைப்பற்றினர். ஆட்சிக்கும் சமயத்துக்கும் இந்நாட்டு மொழிகள் அவருக்கு வேண்டியிருந்தன. யாழ்ப்பாணத்திற் பணிபுரிந்த பிலிப்பு பல்தேயு என்னும் போதகர் 1672ஆம் ஆண்டில் அமிஸ்ரடாமில் அச்சிட்ட பெருநூலில் தமிழ் எழுத்துகளையும் தமிழ் இலக்கணச் சுருக்கம் ஒன்றையும் சேர்த்தார். பின்னர் நல்லூரில் 1690ஆம் ஆண்டிலும் கொழும்பில் 1696ஆம் ஆண்டிலும் செமினறி என்னும் உயர்கல்விக்கூடங்கள் நிறுவப்பட்டன. கொழும்புச் செமினறியின் தலைவராக விளங்கிய யொவான்னெஸ் ருவெல் எழுதிய சிங்கள இலக்கணம் 1708ஆம் ஆண்டில் அமிஸ்ரடாமில் வெளிவந்தது.

இச்செமினறியின் மாணவருள் தலைசிறந்தவர் ஒரு தமிழர். 1723ஆம் ஆண்டிற் கொழும்பிற் பிறந்த பிலிப்பு தெ மெல்லோ என்பார் தமிழொடு போர்த்துக்கேயம், ஒல்லாந்தம், இலத்தீன், கிரேக்கம், எபிரேயம் ஆகியவற்றிலும் தேர்ந்தார். சைமன் காசிச்செட்டி 1859ஆம் ஆண்டில் வெளியிட்ட 'தமிழ் புளூராக்' என்னும் நூல் அவரைத் தமிழ்ப் புலவர் வரிசையில் வைத்துப் போற்றுகின்றது. 1750ஆம் ஆண்டிற் போதகராகத் திருநிலைப்படுத்தப்பட்ட அவர், கிரேக்க மூலத்தை நோக்கித் திருத்திய தமிழ்ப் புதிய ஏற்பாடு 1759ஆம் ஆண்டிற் கொழும்பில் அச்சேறியது.

செமினறியின் கல்வி ஆழமானது, ஆனால் நீண்டது, ஒரு சிலர்க்கே உரியது. இலக்கணம் முன்னும் பேச்சுப் பின்னுமாக நடந்தது. அதனைத் தாங்கி நின்ற தூண் அரசு. 1796ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் கொழும்பைக் கைக்கொண்டபோது அத்தூண் சரிந்தது. ஒல்லாந்த மொழிக் கல்வியும் உடன் சரிந்தது. எனினும் ஒல்லாந்தம் முற்றாக மறைந்துவிடவில்லை. கந்தோர் என்றும், துட்டு என்றும், கக்கூசு என்றும் நாம் வழங்குவன ஒல்லாந்தச் சொற்கள். செமினறி புகட்டிய இலக்கணம் மறைந்தது. கந்தோரிலும் கடையிலும் வழங்கிய சொல் தங்கிற்று. இதனை மனத்திற் கொண்டு சிந்து நாட்டுக்குச் செல்வோம்.

1843ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் மியானி என்னுமிடத்தில் நிகழ்ந்த போரில் சேர் சார்ள்ஸ் நேப்பியர் சிந்து நாட்டுத் தல்பூர் அரசரை வென்றார். அரசர் வீழ்ந்ததும் ஐதராபாத்து நகரின் வணிகரும் கைவினைஞரும் தம் பொருளுக்குக் கொள்வோரை இழந்தனர். இங்கே குறித்த ஐதராபாத்து தக்காணத்து நகரம் அன்று. சிந்து நதிக் கரையிலுள்ள அதே பெயருடைய ஊர். அரசவைக்கு அரக்கு வேலைப் பொருள்களும் பூந்தையல் ஆடைகளும் விற்று வந்தவர், அவற்றை மூட்டை கட்டிப் பம்பாய்க்குக் கொண்டு சென்றனர். 'சிந்து வேலை' என்று அப்பொருள்களுக்குப் பெயர் வழங்கியமையால் அவ்வணிகரும் சிந்துவர்க்கிகள் எனப்பட்டனர்.

1869ஆம் ஆண்டிற் சுயெஸ் கால்வாய் திறக்கப்பட்டது. கொழும்புத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர் வேலை 1875ஆம் ஆண்டில் தொடங்கி 1885ஆம் ஆண்டளவில் நிறைவெய்தியது. கீழ்த்திசைக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் செல்லும் நீராவிக் கப்பல்கள் நிலக்கரி ஏற்றுவதற்குக் கொழும்பில் தரித்தன. கரை இறங்கும் பிரயாணிகள் பட்டும் தந்தப் பொருளும் வினோதப் பொருளும் வாங்கினர். கெய்ரோ முதல் யோக்கோகாமா வரை துறைமுகந்தோறும் கடை விரித்த சிந்துவர்க்கிகள், கொழும்பிலும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்து நிலைகொண்டனர்.

அவர் மொழி கற்ற முறையே ஈண்டு நாம் கருத வேண்டுவது. வணிக நிறுவனங்கள் ஐதராபாத்திலிருந்து இளைஞரை இரண்டரை அல்லது மூன்றாண்டு ஒப்பந்தத்தில் அயல்நாட்டுக் கிளைகளுக்கு அனுப்பின. உணவும் உறையுளும் நிறுவனத்தின் பொறுப்பு. குடும்பம் ஊரிலேயே தங்கும். கப்பலால் இறங்கிய இளைஞன் மறுநாளே கடையில் நிற்க வேண்டியவன். அவன் கையில் இலக்கணமும் இல்லை, அகராதியும் இல்லை. எதிரே கொள்வோர் நிற்கின்றார். விலையைச் சொல்ல வேண்டும். பேரம் பேச வேண்டும். பொருளின் பெயரும் நிறமும் அளவும் சொல்ல வேண்டும். முதற்கண் எண்கள், பின்னர் பொருட்பெயர்கள், பின்னர் மரியாதைச் சொற்கள், பின்னர் வாக்கியங்கள் என்று மொழி அவனிடம் வந்து சேரும். பிழைபட்டால் நட்டம், திருத்தம் உடனே கிடைக்கும். விடியல் முதல் இரவு வரை அவனுக்கு வகுப்பு நடக்கும்; அந்த வகுப்புக்கு விடுமுறை இல்லை. இதுவே உலகின் பழைய செறிவகுப்பு.

இவர்களிற் பலர் தம் கணக்கை வாணிக எழுத்தில் எழுதினர். அவ்வெழுத்து உயிர்க்குறிகளைப் பெரும்பாலும் விடுத்து மெய்களை மட்டும் விரைந்து எழுதுவது. எழுதியவர்க்கே மறுநாட் படித்தல் அரிது என்று அத்தகைய எழுத்தைப் பற்றிக் கேலி வழங்கியது. ஆயினும் கடல் கடந்த பெருவணிகத்தின் கணக்குகள் அவ்வெழுத்திலேயே ஓடின. ஏட்டில் எழுத்துக் குறைவுபட்டிருந்தும் வாயில் மொழி நிறைவுபட்டிருந்தது.

வணிகன் பிறர் மொழியைக் கற்றான். சிந்தி மொழியைக் கற்க வந்த பிறர் யாவர்? முதலில் வந்தவர் ஆட்சியாளர். றிச்சார்ட் பேர்ட்டன் என்னும் இளம் படையதிகாரி 1844ஆம் ஆண்டிற் சிந்துவுக்கு வந்தார். நில அளவைப் பணியில் அமர்ந்த அவர், பாடம் சொல்லும் முன்ஷியோடு நின்றுவிடவில்லை. பாதி அரபியும் பாதிப் பாரசீகனுமான வணிகன் போல வேடம் புனைந்து, மிர்சா அப்துல்லா என்று பெயர் வைத்துக்கொண்டு, சிந்து நாட்டுக் கடைத்தெருவிற் கடை வைத்தார். துணி விற்றார், சில வேளை பேரீச்சம்பழமும் வெல்லப்பாகும் புகையிலையும் விற்றார். கொள்வோரொடு வாய்விட்டுப் பேசினார். ஐதராபாத்து இளைஞன் பிழைப்புக்காகச் செய்ததை இவர் வேவுக்காகவும் அறிவுக்காகவும் செய்தார். நோக்கம் வேறு, முறை ஒன்றே. 1851ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட சிந்து நாட்டு மக்களைப் பற்றிய நூல் அவ்வாறு கேட்டறிந்த செய்திகளால் நிறைந்தது.

அடுத்து வந்தவர் நூலாசிரியர். படைத்தலைவர் ஜோர்ஜ் ஸ்டாக் என்பார் 1849ஆம் ஆண்டிற் சிந்தி இலக்கணத்தையும் ஆங்கில சிந்தி அகராதியையும் பம்பாயில் வெளியிட்டார். அவர் சிந்தியைத் தேவநாகரியில் எழுதினார். பேர்ட்டனோ அரபு எழுத்தே பொருத்தமென்று வாதித்தார். அக்காலச் சிந்து நாட்டில் ஒரே மொழி பல எழுத்துகளில் எழுதப்பட்டு வந்தது. பார்ட்டில் பிரேயர் சிந்துவின் ஆணையாளராயிருந்த 1850களின் தொடக்கத்திற் சிந்தி ஆட்சி மொழியாயிற்று. அங்கே பணிபுரியும் அதிகாரிகள் சிந்திப் பேச்சிற் பரீட்சை தேற வேண்டுமென்று விதிக்கப்பட்டது. பரீட்சை வந்ததும் எழுத்தை வரையறுத்தல் இன்றியமையாததாயிற்று. எல்லிஸ் என்னும் அதிகாரியின் கீழ் அமைந்த குழு 1853ஆம் ஆண்டில் அரபு வழியான 52 எழுத்துகளைச் சிந்திக்கு வகுத்தது. 1868ஆம் ஆண்டில் வணிகரின் எழுத்தும் உயிர்க்குறிகள் சேர்த்துச் சீர்செய்யப்பட்டது. ஆயினும் அரபு வழி எழுத்தே பள்ளியிலும் அச்சிலும் வென்றது.

மூன்றாமவர் ஏர்ன்ஸ்ற் துறும்ப் என்னும் ஜெர்மானியர். சமயப் பணிக்காகக் கராச்சிக்கு வந்த இவர், சிந்துவின் பெருங்கவிஞர் ஷா அப்துல் லத்தீபின் பாடற்றொகுதியாகிய 'ஷா ஜோ ரிசாலோ'வை 1866ஆம் ஆண்டில் லைப்சிக் நகரில் அச்சேற்றினார். ஷா அப்துல் லத்தீப் 1752ஆம் ஆண்டில் மறைந்தவர். அதுகாறும் அவர் பாடல்கள் பாடுவோர் நாவிலும் கையெழுத்துப் படிகளிலுமே வாழ்ந்தன. துறும்பின் சிந்தி இலக்கணம் 1872ஆம் ஆண்டில் வெளிவந்தது. சமஸ்கிருதத்தின் வழிவந்த பழைய வடிவங்களைச் சிந்தி மற்றைய வடமொழிகளினும் தூய்மையாகக் காத்திருக்கின்றது என்பது அவர் கருத்து.

இனி, சிந்தி கற்கப் புகுவோர் எதிர்கொள்ளும் இடர் யாது? கொழும்பிலுள்ள ஒரு தமிழர் கற்கத் தொடங்குகின்றார் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் இடர் செவியினது. சிந்தியில் நான்கு மெய்யொலிகள் மூச்சை வெளியே விடாமல் உள்ளே இழுத்து ஒலிக்கப்படுவன. தமிழிலோ சிங்களத்திலோ அவை இல்லை. அண்டை மொழியாகிய இந்தியிலும் இல்லை. ஏட்டைப் பார்த்து எத்துணை நாள் படித்தாலும் அவ்வொலி வராது. பேசுவோர் ஒருவர் எதிரே இருந்து பலமுறை ஒலித்துக் காட்ட வேண்டும். இரண்டு என்னும் எண்ணுப்பெயரும் பத்து என்னும் எண்ணுப்பெயரும் இவ்வொலியொடு தொடங்குவன. ஆகவே பத்து வரை எண்ணிப் பழகுமுன்பே மாணவர் இரு முறை இடறுவார்.

இரண்டாவது, சொல்லின் ஈறு. இந்தியில் 'கர்' என்று மெய்யில் முடியும் வீடு, சிந்தியிற் 'கரு' என்று குறுகிய உகரத்தில் முடியும். பல வீடுகளைக் குறிக்கும்போது அவ்வுகரம் அகரமாகிக் 'கர' என ஒலிக்கும். ஒருமையும் பன்மையும் அந்த நுண்ணிய உயிரிலேயே தங்கியுள்ளன. ஐரோப்பியர் செவிக்கு இவ்வேறுபாடு எளிதிற் புலப்படுவதன்று. தமிழர் செவிக்கோ குற்றியலுகரம் பிறப்போடு வந்தது. வீடு, காடு, பாட்டு என்று சொல்லிப் பழகியவரும், பஸ் என்னும் ஆங்கிலச் சொல்லையும் 'பஸ்ஸு' என்று உகரம் கூட்டிப் பேசுபவரும் சிந்தியின் ஈற்றுயிரைக் கண்டு மருளார்.

மூன்றாவது, வினைச்சொல். தமிழில் 'சொன்னேன்' என்ற ஒரு சொல்லுள் சொன்னவர் அடங்கியிருப்பது போலச் சிந்தியிலும் இடப்பெயர் விகுதியாய் ஒட்டும். சிந்தி இன்னும் ஒரு படி செல்லும். 'நான் அவனுக்குச் சொன்னேன்' என்னும் முழுவதையும் ஒரே வினையுள் அடக்க அதனால் இயலும். ஆங்கிலம் வழியாக மொழியியல் பயின்றவர் இதனைக் கண்டு திகைப்பர். தமிழர் ஒரு விகுதியோடு மற்றொன்றைச் சேர்க்கக் கற்றாற் போதும்.

கொழும்புத் தமிழர்க்கு வேறொரு வசதியும் உண்டு. அயல்வீட்டுச் சிங்களம் சிந்தியின் தூரத்து உறவு. எட்டு என்பது சிங்களத்தில் 'அட்ட'. சிந்தியிலும் ஏறக்குறைய அதுவே. கை என்பது சிங்களத்தில் 'அத்த', சிந்தியில் 'ஹத்து'. ஐந்தும் ஒன்பதும் சிந்தியிற் 'பஞ்ச', 'நவ' என்பன. பஞ்சாங்கமும் நவராத்திரியும் அறிந்த தமிழர்க்கு அவை பாதி தெரிந்த சொற்கள். எழுத்தும் முற்றும் புதிதன்று. இந்நாட்டு முஸ்லிம்கள் அரபு எழுத்தில் தமிழை எழுதிய மரபு நெடியது. அரபு எழுத்து அறிந்தவர்க்குச் சிந்தியின் மேலதிகப் புள்ளிகளே புதியன. பலூசிஸ்தானத்திலும் சிந்துவிலும் பேசப்படும் பிராகுயி தமிழின் இனத்தைச் சேர்ந்த திராவிட மொழி என்பதையும் இங்கே நினைவூட்டலாம். சிந்து நாட்டாரின் செவிக்குத் திராவிட ஒலி தொலைவில் இல்லை.

இவ்வளவையும் ஒரு கோடையிற் கற்பிக்க முடியுமா? முடியும் என்று ஒரு போர் உலகுக்குக் காட்டிற்று. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஐக்கிய அமெரிக்காவுக்குத் தன் பல்கலைக்கழகங்கள் முன்னர்க் கற்பித்தறியாத பல மொழிகள் வேண்டியிருந்தன. அந்நாட்டுக் கற்றோர் சங்கங்களின் பேரவை 1941ஆம் ஆண்டிற் செறிவான மொழிக் கல்வித் திட்டம் ஒன்றைத் தொடங்கிற்று. பின்னர்ப் படையினர்க்கும் அவ்வழியே கற்பிக்கப்பட்டது. வகுப்பு சிறியது. பேசத் தெரிந்தவர் ஒருவர் ஒலிப்பார். மொழியியலார் ஒருவர் அமைப்பை விளக்குவார். மாணவர் திரும்பத் திரும்ப ஒலிப்பர். எழுத்துப் பின்னர் வரும். 1958ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் இத்தகைய கல்விக்கு நிலையான பொருளுதவி அளித்தது.

நம் பகுதியிலும் அக்கருத்துப் பரவிற்று. றொக்பெல்லர் நிறுவனத்தின் உதவியோடு புனே நகரின் டெக்கான் கல்லூரி 1950களின் நடுவிற் கோடைக்கால மொழியியற் பள்ளிகளை நடத்திற்று. இந்தியாவின் பல பாகத்திலிருந்தும் வந்த இளம் ஆசிரியர் அங்கே தம் தாய்மொழியையே புதிய செவியோடு கேட்கக் கற்றனர். 1969ஆம் ஆண்டில் மைசூரில் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் தோன்றியது. அதன் கிளையாகப் புனேயில் அமைந்த மேற்கு மண்டல மொழி நிலையத்தில், வேறு மொழி பேசும் ஆசிரியர்க்கு மராத்தி, குசராத்தி, சிந்தி ஆகியன பத்து மாதச் செறிவகுப்பிற் கற்பிக்கப்பட்டன. அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் நடைபெற்று வந்த தென்னாசிய மொழிக் கோடை வகுப்புகளில் தமிழ், சிங்களம் ஆகியவற்றோடு சிந்தியும் இடம்பெற்றது. அங்கே எட்டு வாரத்தில் ஓராண்டுப் பாடம் நிறைவேறும்.

இதில் மாயம் ஒன்றுமில்லை. எளிய கணக்கே உண்டு. வாரத்துக்கு 5 மணி நேரமாக 30 வாரம் கற்றால் 150 மணி நேரம். நாளுக்கு 4 மணி நேரமாக, வாரத்துக்கு 5 நாளாக, 8 வாரம் கற்றால் 160 மணி நேரம். உழைப்பு ஏறக்குறைய ஒன்றே. வேறுபாடு யாதெனின், வாரத்துக்கு ஒரு சில மணி நேரம் கற்பவர் திங்களன்று கற்றதைப் புதன்கிழமைக்குள் மறந்துவிடுகின்றார். நாள் முழுதும் கற்பவர்க்கு மறக்க நேரமில்லை. அடுப்பு அணையாதிருந்தால் சோறு விரைவில் வேகும். அணைத்தணைத்து மூட்டினால் விறகே விரயமாகும்.

ஆனால் இம்முறைக்கும் ஓர் எல்லை உண்டு. எட்டாவது வாரத்தின் முடிவில் வகுப்பு கலைகின்றது. மாணவர் தம் ஊர் சேர்ந்து தம் மொழியே பேசத் தொடங்குகின்றனர். மழை ஓய்ந்த மணலில் நீர் வற்றுவது போலக் கற்ற மொழி வற்றத் தொடங்கும். ஐதராபாத்து இளைஞனின் வகுப்பு மூன்றாண்டும் கலையவில்லை. அவன் கற்ற மொழி அதனால் நிலைத்தது. ஆகவே செறிவகுப்பு வாயிலைத் திறக்கும். உள்ளே குடியிருப்பது கற்றவரின் கடன். ஷா அப்துல் லத்தீபின் பாடலை மூலத்திற் படித்துச் சுவைக்கும் ஆற்றல் எட்டு வாரத்தில் வருவதன்று.

சிந்தியின் வரலாற்றில் இதற்குப் பின் நேர்ந்ததே நெஞ்சைத் தொடுவது. 1947ஆம் ஆண்டில் இந்தியா பிரிந்தது. பஞ்சாபும் வங்காளமும் இரண்டாகப் பிரிக்கப்பட்டன; சிந்து பிரிக்கப்படாமல் முழுமையும் பாகிஸ்தானிற் சேர்ந்தது. பத்து லட்சத்துக்கும் அதிகமான இந்துச் சிந்திகள் அடுத்த சில ஆண்டுகளில் நாடு துறந்து இந்தியா புகுந்தனர். பஞ்சாபியர்க்கு இந்தியப் பஞ்சாப் இருந்தது. வங்காளியர்க்கு மேற்கு வங்காளம் இருந்தது. சிந்திகளுக்குச் சொந்தமாக ஒரு மாவட்டமும் இல்லை. பம்பாய்க்கு அருகே கல்யாணத்திலிருந்த படை முகாமில் அகதிகளாய்த் தங்கியவர் 1949ஆம் ஆண்டில் அதனை உல்லாசநகர் என்னும் ஊராக்கினர். கொழும்பிலிருந்த சிந்தி வணிகர்க்கோ, மூன்றாண்டுக்கு ஒரு முறை திரும்பிச் செல்வதற்கிருந்த ஊரே இல்லாமற் போயிற்று.

மண்ணை இழந்த மொழி வீட்டினுள் மட்டும் வாழ வேண்டியதாகும். பள்ளியில் அது இல்லை. கந்தோரில் அது இல்லை. தெருவில் அது இல்லை. தாத்தா பேசுவார், தந்தை விளங்கிக்கொள்வார், பேரன் ஆங்கிலத்தில் மறுமொழி சொல்வான். இந்திய அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் 1967ஆம் ஆண்டு ஏப்ரில் 10ஆம் நாள் சிந்தி சேர்க்கப்பட்டது. 2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் இந்தியாவிற் சிந்தியைத் தாய்மொழியாகக் காட்டியவர் ஏறத்தாழ 27 லட்சத்து 72 ஆயிரம் பேர். அங்கே அரபு வழி எழுத்தும் தேவநாகரியும் இரண்டும் அதற்கு வழங்குகின்றன. பாட்டன் எழுதிய கடிதத்தைப் பேரன் படிக்க இயலாமைக்கு இந்த இரட்டை வழக்கும் ஒரு காரணமாகலாம்.

சிந்து மாகாணத்திலோ சிந்தியைப் பேசுவோர் கோடிக்கணக்கினர். எனினும் அங்கும் மொழி பூசலுக்குத் தப்பவில்லை. 1972ஆம் ஆண்டில் மாகாண சட்டசபை சிந்தி மொழிச் சட்டத்தை நிறைவேற்றியபோது, உருது பேசுவோர் மிகுந்த கராச்சியில் கலகம் மூண்டு உயிர்கள் மாய்ந்தன. அயலவன் மொழியைக் கற்க வேண்டும் என்பதைச் சட்டம் சொல்லும்போது அது சுமையாகத் தோன்றுகின்றது; கடைத்தெரு சொல்லும்போது அதுவே பிழைப்பாகத் தோன்றுகின்றது.

இலங்கையர்க்கு இது பிறர் கதையன்று. 1956ஆம் ஆண்டு அரசகரும மொழிச் சட்டம் சிங்களம் ஒன்றையே அரசகரும மொழியாக்கியது. 1958ஆம் ஆண்டிலும் 1983ஆம் ஆண்டிலும் மூண்ட கலகங்களைக் கொழும்பு கண்டது. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. பின்னர் அரசாங்க ஊழியர் மற்ற மொழியிலும் தேர்ச்சி பெறல் வேண்டும் என்ற விதியும் வந்தது. முன்னர்ச் சிந்துவில் அதிகாரிகளுக்கு விதித்த பரீட்சை போன்றதே இது. பரீட்சைக்குக் கற்ற மொழி பரீட்சையோடு நின்றுவிடுமாயின், செமினறியின் ஒல்லாந்தத்துக்கு நேர்ந்த கதியே அதற்கும் நேரும்.

மொழி கற்றோரை இவ்வரலாறு நான்கு வகையினராகக் காட்டுகின்றது. ஆள்வதற்குக் கற்றவர் ஆட்சி முடிந்ததும் மறந்தனர். விற்பதற்குக் கற்றவர் கடை உள்ளளவும் மறக்கவில்லை. இழந்ததை மீட்பதற்குக் கற்பவர், பாட்டியின் சொல்லைப் பாட்டி இருக்கும்போதே பெற்றுக்கொள்ள விரைபவர். அவர்க்கு எட்டு வாரமும் பொன்னான காலம். நான்காம் வகையினர் அண்டை வீட்டாரை அறிவதற்குக் கற்பவர். அவர்க்குப் பரீட்சை இல்லை, இலாபமும் இல்லை. ஆயினும் ஒரு நகரம் நகரமாய் நிலைப்பது அவராலேயே.

கொட்டாஞ்சேனையில் ஒரு தமிழ்ச் சிறுவனும் ஒரு சிங்களச் சிறுவனும் ஒரே தெருவில் வளர்கின்றனர். ஒருவன் மொழியை மற்றவன் கற்பதற்குக் கடல் கடக்க வேண்டியதில்லை; வேடம் புனைய வேண்டியதில்லை. பள்ளி விடுமுறையின் சில வாரங்களும், முற்றத்தில் நின்று பேசும் துணிவும், பிழையைக் கேட்டு நகைக்காத அயலவரும் இருந்தாற் போதும். புறக்கோட்டையிற் கடை வைத்த சிந்தி இளைஞன் இவ்வளவும் இல்லாமலே கற்றுக்காட்டினான்.

வுல்பெண்டால் மேட்டில் அன்று ஊளையிட்டது எது என்று அவ்வழிச் சென்ற ஊரவர் ஒருவரைக் கேட்டிருந்தால், நரியென்று அவர் சொல்லியிருப்பார். கேட்பதற்கு மொழி வேண்டியிருந்தது. அந்த ஒரு கேள்வி கேட்கப்படாமற் போனதன் அடையாளமாக அப்பெயர் இன்றும் தெருப்பலகையில் நிற்கின்றது.